மாலையும் கையுமாக ஓர் எதிர்வலம்

எங்கள் வீட்டு நாயின் எடையைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு நானே எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். வருகிற எண்ணில் என் எடையைக் கழித்தால் மிச்சம் நாய். கணக்கு சுலபம். ஆனால் என் தொப்பையையும் அதன் வாலையும் தாண்டிக் குனிந்து அந்த எண்ணை என்னால் பார்க்க முடியாது. மனைவிதான் தரையில் உட்கார்ந்து படித்துச் சொல்வாள்.

"ஆடாதீங்க."

"நான் ஆடல, அது ஆடுது."

"ரெண்டு பேருமேதான் ஆடறீங்க."

ஒருமுறை நாய் இரண்டு கிலோ ஏறியிருந்தது. மகளுக்கு உடனே செய்தி அனுப்பினேன், தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். அடுத்த வாரம் கால்நடை மருத்துவர் தன் மேஜைத் தராசில் அதை நிறுத்திப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய் இறங்கிதான் இருக்கு சார். ஏறினது நீங்க." என் எடை என்று பல வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த எண்ணையே கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்.

நாய் என் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மழையில் நனைந்த ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் படித்து முடித்து சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாய் எங்களோடு அடி அண்ணாமலையிலேயே கிழடாகிவிட்டது. காது போய்விட்டது. ஒரு கண்ணில் பால் ஊற்றியது போல வெள்ளை. பின்கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போல ஆளுக்கொரு பக்கம் போகும். மகளின் கட்டளைப்படி தினமும் காலையில் அது எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, வெளியே எத்தனை முறை போனது, எப்படி நடந்தது என்று நான் செய்தி அனுப்ப வேண்டும். "தண்ணி ஜாஸ்தி, சாப்பாடு கம்மி, நடை சுமார்" என்று அனுப்புவேன். "சுமார்னா என்னாப்பா?" என்று உடனே கேள்வி வரும். சுமாருக்கு நான் எங்கே போய் விளக்கம் தேடுவது?

ஒரு நாள் செல்போனில் நாய்களின் சிறுநீரக நோய்க்கான அறிகுறிகளைத் தேடிப் படித்தேன். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், படியேறச் சோம்பல், காரணமில்லாத எரிச்சல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமை. எல்லாம் அப்படியே பொருந்தியது, எனக்கு. நாய்க்குப் பாதிதான் பொருந்தியது. அன்று முழுக்க நானும் தண்ணீரை அளந்தே குடித்தேன். மனைவி எங்கள் இருவரின் தட்டையும் ஒரே மாதிரிப் பார்த்துவிட்டு, "யாரு முதல்ல போறீங்க, அதைச் சொல்லிடுங்க" என்றாள்.

இந்தக் கூத்தெல்லாம் ஒரு வாரத்தில் நின்றுபோனது. நாய்க்கு மலம் கழியவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்றாம் நாளும் இல்லை. முதுகை வளைத்து உட்காரும், முக்கும், நடுங்கும், எழுந்து நம்மைப் பார்க்கும். அதுவும் அந்த வெள்ளைக் கண்ணால் பார்க்கும். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மருந்து கொடுத்தார், எனிமா வைத்தார். கடைசியில், "நாளைக்கிச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம் சார். போச்சுன்னா நல்லது. போகலேன்னா ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போகணும். இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். கிட்டத்தட்டத் தாங்காது என்று அவர் முகம் சொன்னது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. போச்சா? போகலை. மகள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கேட்பாள்: "போச்சாப்பா?" பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிக் கேட்பார்: "போச்சாங்க?" நாய் தோட்டத்தில் உட்காரும்போதெல்லாம் நான் பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்து, எழுந்து, வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. நான் அங்கேயும் போனேன்.

"நீங்க இப்படியே பாத்துக்கிட்டு இருந்தா அதுக்கு எப்படிங்க வரும்?" என்று மனைவி கத்தினாள். "உங்களை யாராச்சும் இப்படிப் பாத்தா உங்களுக்கு வருமா? கிளம்புங்க ஆபீசுக்கு. ஏதாச்சும்னா நானே மெசேஜ் போடறேன்."

அன்று பௌர்ணமி. மருத்துவர் சொன்ன சாயங்காலமும் அன்றுதான். அலுவலகத்தில் செல்போனைக் கோப்புக்கு மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிவாக்கில் அது ஒரு தரம் அதிர்ந்தது. மனைவியிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை.

போயிடுச்சி.

எழுத்தெல்லாம் கலங்கிப்போயின. அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்கிற நிலையிலா இருப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எழுந்து பையைத் தேடினேன். பை என் தோளிலேயே இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் ஆச்சி?"

"வீட்ல போயிடுச்சி சார்."

"அய்யய்யோ. வயசானவங்களா?"

"பதினாலு."

"அடக் கடவுளே, சின்னப் புள்ளை..."

"நாய் சார்."

பிடித்த கையை உடனே விடுவதா, கொஞ்சம் பிடித்திருந்துவிட்டு விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், கொஞ்சம் பிடித்திருந்தார்.

மாடிப்படியில் நின்று மகளைக் கூப்பிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டும், முதலில் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கூப்பிட்டேன். அவள் "அப்பா, போச்சா?" என்றாள். நான் "போயிடுச்சிம்மா" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் இணைப்பு அறுந்துவிட்டது.

போகிற வழியில் ஒரு பூக்கடையில் ரோஜா மாலை வாங்கினேன். வண்டி கிரிவலப் பாதைத் தடுப்பு வரைதான் போனது. பௌர்ணமிக்கு வண்டியை உள்ளே விட மாட்டார்கள் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததெல்லாம் அன்று மறந்துபோனது. காவலரிடம், "என் வீடே உள்ளதான் சார்" என்றேன். "எல்லாரும் அதான் சார் சொல்றாங்க" என்றார். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

வேங்கிக்கால் பக்கமிருந்து அடி அண்ணாமலைக்கு வடக்குப் பக்கமாக நடப்பதுதான் கிட்டம். ஆனால் அது வலத்துக்கு நேர் எதிர். மலையை வலக்கைப் பக்கம் வைத்து ஊரே வந்துகொண்டிருக்கிறது, நான் ஒருவன் மட்டும் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணீரும் மாலையுமாக, அத்தனை பேர் முகத்துக்கும் எதிரே போகிறேன். மோதாதவர்கள் முறைத்தார்கள். முறைக்காதவர்கள் அறிவுரை சொன்னார்கள்.

"சாமி, இன்னா எதிர்ல வர்றீங்க? திரும்புங்க."

"என் வீடு இந்தப் பக்கம்மா."

"சுத்திட்டுப் போலாம் சாமி, தப்பு இல்ல. மாலை எந்த லிங்கத்துக்கு?"

கேட்டது பெரிய கும்பலோடு வந்த ஓர் அம்மா. நாய்க்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களில் வாயில் வந்ததைச் சொன்னேன். "வாயு லிங்கத்துக்கும்மா."

"அய்யோ, அதைத் தாண்டி வந்துட்டீங்களே! பாவம், அழுதுக்கினே வந்ததுல கவனிக்கல போல." அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். கூட வந்த இரண்டு பேர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, என்னைத் தொலைந்துபோன பிள்ளையைப் போல நடத்திக்கொண்டு போனார்கள். செருப்பு அறுந்தது போல நடித்துக் குனிந்து, அவர்கள் கொஞ்சம் முன்னால் போனதும் திரும்பி ஓடினேன். இந்த வயதில், இந்த எடையில், பௌர்ணமிக் கூட்டத்துக்கு எதிராக ஓடினேன்.

வீட்டு வாசலை அடைந்தபோது மனைவி தோட்டத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், நனைந்த காலோடு, நாய் நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

"வந்துட்டீங்களா? மெசேஜ் பாத்தீங்களா?" மனைவியின் முகம் முழுக்கச் சிரிப்பு. "எவ்ளோ போச்சி தெரியுமா! நீங்க பாக்கணுமேன்னு கொஞ்சம் அப்படியே மூடி வெச்சிருக்கேன். வாங்க."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவள் என் கையைப் பார்த்தாள்.

"யாருக்குங்க மாலை?"

நான் நாயைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. பைப்பைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காத. எவனாச்சும் இப்படி மெசேஜ் போடுவானா?"

"மூணு நாளா போச்சா போச்சான்னு உசிரை வாங்கினது யாரு? போச்சி. போட்டேன்."

"போச்சின்னு போட்டிருந்தா புரிஞ்சிருக்குமே! போயிடுச்சின்னு ஏன் போட்டே?"

"மொத்தமா போச்சிங்க. அதான் போயிடுச்சி."

இலக்கணப்படி அவள் சொன்னது சரி. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மாலையைக் கொண்டுபோய் கேட்டில் மாட்டினேன். நாய்க்கென்று வாங்கியதை வீட்டுக்குள் சாமிக்குப் போடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சற்று நேரத்தில் பாதையில் போனவர்கள் எங்கள் கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

மகள் ஞாபகம் அப்போதுதான் வந்தது. கூப்பிட்டால், சிறப்புப் பேருந்தில் ஏறி செங்கல்பட்டைத் தாண்டிவிட்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் பக்கத்தில் யாரோ ஆறுதல் சொல்வது கேட்டது. பிறகு மிகவும் மெதுவான குரலில், "வீட்ல ஒருத்தர் போயிட்டாங்கன்னு சொல்லி அழுதேன்ப்பா. ஒருத்தர் எழுந்து சீட் குடுத்துட்டு நிக்கறாரு. இப்ப நான் என்னா பண்றது?" என்றாள். பண்ண ஒன்றுமில்லை. திருவண்ணாமலை வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள் என்று பிறகு தெரிந்தது. அந்த நல்ல மனிதருக்காக.

மருத்துவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "ரொம்ப நல்லது சார்" என்றார். "ஆனா இது திரும்பவும் வரும். கிட்னி ரெண்டும் கம்மியாத்தான் வேலை செய்யுது. ரொம்ப நாளைக்கின்னு நெனச்சிக்காதீங்க. இருக்கற வரைக்கும் பாத்துப்போம்" என்றார். இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கழுவிய தரையையே இன்னொரு தரம் கழுவினாள்.

மகள் வந்தாள். அன்று என்னிடம் பேசவில்லை. மூன்று நாளாக நான் கொடுத்த எதையும் தொடாத நாய், அவள் கையிலிருந்து தயிர்சாதத்தை நக்கி நக்கிச் சாப்பிட்டது. "சாப்பாடு ஜாஸ்தி" என்று யாருக்கு அனுப்புவது? அவள்தான் இங்கேயே இருக்கிறாளே. எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் தோட்டத்தில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"டாக்டர் சொன்னதை அம்மா சொன்னாங்க" என்றாள்.

"ம்."

"நெஜமாவே ஆகும்போது எப்படிப்பா சொல்லுவ?"

"போன்ல சொல்ல மாட்டேன். பஸ் ஏறி நேர்ல வந்து சொல்றேன்."

"கதவைத் தெறந்து உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சிடுமே."

"சிரிச்சிக்கிட்டு வர்றேன்."

"நீ சிரிச்சா இன்னும் பயமா இருக்கும்ப்பா. அப்புறம் சும்மா என்னைப் பாக்க வந்தாக் கூட நான் கதவைத் தெறக்க மாட்டேன்."

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கிண்டல் இருக்கும். அதற்காகத்தான் அலுவலகத்தில் பிரிவு உபசார விழாக்களில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். இப்போது நான் காபியைப் பார்த்தேன். அவளும் அழுகையை நிறுத்திக்கொள்ளக் காபியைத்தான் பார்த்தாள்.

நாய் அவள் மடியிலிருந்து எழுந்துகொள்ளப் பார்த்தது. பின்கால்கள் வழுக்கின. இரண்டு பேரும் ஒன்றாகக் கை நீட்டினோம். அவள் முன்பக்கத்தைப் பிடிக்க, நான் இடுப்புக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிக்கொள்ள, மூன்று பேருமாக முருங்கை மரத்தடிக்கு நடந்தோம். அங்கே போனதும் அது உட்காராமல் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றாள் மகள்.

துண்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மலைப் பக்கம் திரும்பி நின்றேன்.