சுவர் வழியாக ஒரு ஃபைனல்

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் என் சிநேகிதிக்குக் கேட்கும். கல்யாணமாகி இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு வந்தோம். அன்றிலிருந்து கால்பந்து உலகக் கோப்பை ஒன்று விடாமல் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறோம். நீலக்கோடு போட்ட அணி என்றால் அவளுக்கு உயிர். எனக்கு யார் ஜெயித்தாலும் சரி, கத்த வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறை போட்டி நடத்திய நாட்டில், ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்களைச் சுட்டுவிட்டார்கள். போட்டியைப் புறக்கணிக்கலாமா என்று ஊரெல்லாம் விவாதம். எங்கள் தெரு மட்டும் சும்மா இருக்குமா? பெரிய திரை வைப்பது பற்றிப் பேச அசோசியேஷன் கூட்டம் போட்டதும் முதலில் எழுந்தது அவள்தான். பள்ளிக்கூட டீச்சர்.

"செத்தவாளுக்கெல்லாம் என் கிளாஸ் குட்டிகளோட பிராயம். திரை வேண்டாம். யார் பார்த்தாலும் சரி, நான் பார்க்கப் போறதில்லை, கேட்டேளா."

என் வாய் அடங்குமா? "நம்மூர்ல ஹர்த்தாலுக்குக் கடையைத்தான் அடைப்பா, டிவியை யாரும் அடைச்சதில்லை. வலியசாலைல நீ பார்க்கலைன்னா அந்த கவர்மென்ட் நாளைக்கே ராஜினாமா பண்ணிடுமாக்கும்!"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. திரை வேண்டாம், அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டம் என்று செக்ரட்டரி நழுவிக்கொண்டார். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

தனியாக மேட்ச் பார்த்தேன். சப்பென்று இருந்தது. பேசியது தப்பு என்று மறுநாளே தெரிந்துவிட்டது, ஆனால் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை. அவளுடைய அணியோ ஜெயித்து ஜெயித்து ஃபைனலுக்கே வந்துவிட்டது!

ஃபைனல் அன்று சாயங்காலம், கால்பந்தே ஆகாத என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்விட்டார். நீலக்கோட்டுக்காரர்கள் முதல் கோல் போட்டதும் பழக்க தோஷத்தில் கத்தினேன். சுவரில் டொக் டொக் என்று சத்தம்.

"யாருடி அடிச்சா?"

ஒரு மாதம் கழித்து அவள் குரல்! ஓடிப்போய்ச் சுவரில் வாயை வைத்தேன். "உன் ஆளுங்கதான்! பார்க்க மாட்டேன்னியே?"

"பார்க்கலையே. கேக்க மாட்டேன்னு சொல்லலையாக்கும். நீ சொல்லு."

சொன்னேன். பந்து யார் காலில், நடுவர் யாரை முறைக்கிறார், எல்லாம். இடைவேளையில் மெல்ல, "அன்னிக்கு நான் பேசினது தப்புடி" என்றேன்.

"தெரியும். மறுபடி ஆட்டம் தொடங்கியாச்சா, அதைச் சொல்லு."

கடைசி நிமிஷம். இரண்டு அணியும் சமம். "பால் யார்கிட்ட இருக்கு?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெருவே அலறியது.

"என்னடி? யார் போட்டா?"

"தெரியலைடி! உன்னோட பேசிண்டிருந்தேன்!"

சுவருக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு. அப்புறம் அங்கே சத்தம் நின்றது. எங்கள் வாசல் கதவு திறந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அவள் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

டிவியில் அந்த கோலை மறுபடி காட்டத் தொடங்கினார்கள். பார்க்காமலே அணைத்தேன்.

"இனி கண்ணைத் தொறடி" என்றேன்.