அம்பு ஒட்டிய குரோம் வளையம்

பட்டப்பகலில் ஒரு நந்தியின் மேல் வண்டியைக் கொண்டுபோய் மோதியவர் என் வீட்டுக்காரர். திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறைகளுக்கு முன்னால், லாரி வரும்வரை சாமிகள் ரோட்டோரம் காத்துக் கிடக்கும். அன்று பாதி செதுக்கிய நந்தி ஒன்று கிடந்தது. என் இடுப்புயரம் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது தூரத்திலேயே தெரிந்தது. இவ்வளவு பெரிய கல்லையுமா இந்த மனிதருக்குச் சொல்ல வேண்டும் என்ற எரிச்சலில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

வேகம் இல்லாததால் பிழைத்தோம். அவருக்கு முழங்காலில் தோல் போனது. என் டிபன் பாக்ஸ் திறந்து புளிசாதம் சேலையெல்லாம் கொட்டியது. பட்டறை ஆட்கள் ஓடி வந்து முதலில் நந்தியைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

"ஏனுங்ண்ணா, இத்தாப்பெரிய கல்லு தெரியலீங்களா?" என்றார் ஒருவர்.

"தெரியுமுங்க. இந்த ஹெட்லைட் வளையத்துல வெயிலு பட்டு மூஞ்சில அடிச்சுருச்சு. கண்ணு கூசிப்போச்சுங்க" என்றார் அவர்.

அந்த வளையம் குரோம் பூசியது. ஸ்பீடோமீட்டரைச் சுற்றி, இன்டிகேட்டர் மூடியில், பின்விளக்கு ஓரத்தில் எல்லாம் அதே குரோம்தான். வண்டி வாங்கிய நாளில் அந்தப் பளபளப்பைக் காட்டிக் காட்டிச் சிரித்தவர் இவர்தான். இப்போது குற்றம் முழுவதும் அதன் தலையில் விழுந்தது.

அவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். வட்டமாகச் சுற்றி இறங்கும் துணியில் ஒரு ஊசி உடைந்து கோடு விழுந்தாலும், நடக்கிற நடையில் கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் மெஷினிலிருந்து கோடு விழுந்த துணி ரோல் ரோலாகச் சாயம் போடும் டையிங் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கம்பெனியில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க, கூப்புடறோம்." அந்தக் கூப்பிடுதல் எப்போதும் வராது என்று திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, காலையில் என்னைக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டி வருவதுதான்.

எனக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. ஒரு வருஷமாகவே பின்னால் உட்கார்ந்து நான்தான் பாதி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் டெம்போ வந்தால் வலது தோளில் தட்டுவேன். இடது பக்கம் சைக்கிள் என்றால் இடது தோள். ஸ்பீடு பிரேக்கருக்கு முதுகில் ஒரு குத்து. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நந்தி இருந்தது இடது பக்கம். அன்றைக்கு நான் தட்டவில்லை.

கண் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது, ஓரப் பார்வை இரண்டு பக்கமும் போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான். "வண்டி ஓட்டவே கூடாதுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

"வெளிச்சம் ரொம்பக் கூசுதுங்களே டாக்டர்" என்றார் இவர்.

"ஆமாங்க, கூசத்தான் செய்யும்."

அவ்வளவு பேச்சில் அந்த ஒன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போதே என்னிடம், "டாக்டரே சொல்லிட்டாங்க பாத்தியா அம்மிணி, கூசறதுதான் பிரச்சினை" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருடைய பொய்யை அன்றே உடைத்திருக்க வேண்டும். எங்கள் காம்பவுண்டில் தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை என்றால் முதலில் கேட்பது என் குரலாகத்தான் இருக்கும். அந்த வாய் அன்று திறக்கவில்லை.

முதலில் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி வந்து குரோம் மேலேயே கறுப்பு அடித்தார். ஒரே வாரத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவிநாசி ரோட்டில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வெறும் பிளாஸ்டிக்குங்க. அதுக்கு மேல செம்பு, நிக்கல், குரோம்னு மூணு பூச்சு. இந்த வழுவழுப்புல பெயின்ட் நிக்காது. குரோம எறக்கிட்டு, தேச்சு, பிரைமர் அடிக்கோணும்" என்றார்.

"நீங்களே பண்ணிக் குடுங்க" என்றேன் நான்.

"இல்லீங்க, நானே பண்ணிக்கறேன்" என்றார் இவர்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடமே வழி சொன்னார். கக்கூஸ் கழுவும் ஆசிட் போதும். வெட்டவெளியில் செய்ய வேண்டும். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் வைக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டின் பின்பக்கம் பிளாஸ்டிக் டப்பில் வேலை ஆரம்பித்தது. ஆசிட்டை நான்தான் ஊற்றினேன். அவர் கையில் கொடுக்க எனக்குப் பயம். பனியன் வேஸ்ட் துணியை மூக்கில் கட்டியும் நெடி தொண்டையைப் பிடித்தது. வளையத்தைப் போட்டதும் சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கி, தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து திட்டினார். திட்டட்டும், நியாயம்தானே. அந்தப் பச்சைத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு நுரை அடங்கும்வரை வைத்திருந்தேன். பிறகும் அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், மூடி போட்டுச் சுவரோரம் வைத்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

வளையத்தை எடுத்துக் கழுவினால் நீலப் பளபளப்பு போய் மஞ்சளாக ஒரு பளபளப்பு இருந்தது. அதுதான் நிக்கல். "போயிருச்சா?" என்று கேட்டார். கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "குரோம் போயிருச்சுங்க. இன்னும் மின்னுது. தேய்க்கோணும்" என்றேன்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பார், பக்கத்தில் ஒரு விரல் அகலம் அப்படியே மின்னும். சொன்னால் கோபம் வரும். அப்போதுதான் எனக்கு அம்பு ஸ்டிக்கர் நினைவுக்கு வந்தது. நான் கார்மென்ட்ஸில் செக்கிங் பார்ப்பவள். பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அதைக் காட்டிச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி ஒதுக்கிவைப்போம். என் ஹேண்ட்பேக்கில் எப்போதும் ஒரு தாள் கிடக்கும். வளையத்தில் மின்னும் இடத்துக்கெல்லாம் அம்பு ஒட்டிக் கொடுத்தேன். சிவப்பு அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, விரலால் தடவி அம்பின் முனையைக் கண்டுபிடித்து அங்கே தேய்த்தார். தேய்த்து முடித்து அம்பை உரித்து என் உள்ளங்கையில் ஒட்டுவார். வேலை போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க நான் கம்பெனி வேனில் போனேன். வளையம் இல்லாமல் ஹெட்லைட் வயரில் தொங்கியது, வண்டியை எடுக்க வழியில்லை. இன்றைக்கு எங்கே மோதியிருப்பார் என்ற நினைப்பில்லாமல் செக்கிங் டேபிளில் நின்றேன். மதியம் போன் அடித்தால் பதறி ஓடவில்லை. வளையம் தேய்ந்து முடியாதவரை இந்த மனிதர் உயிரோடிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

வளையம் நன்றாக மங்கிவிட்ட பிறகும் நான் அம்பு ஒட்டினேன். குறையே இல்லாத இடத்தில் ஒட்டினேன். செக்கிங்கில் அப்படிச் செய்திருந்தால் சூப்பர்வைசர் என்னை வெளியே அனுப்பியிருப்பார். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. அவர் என் கண்ணை நம்பி எல்லாவற்றையும் தேய்த்தார். நிக்கல் போய்ச் செம்பு தெரிந்தது. செம்பும் போய்ப் பிளாஸ்டிக் தெரிந்தது. வளையம் முடிந்ததும் ஸ்பீடோமீட்டர் மூடி, அது முடிந்ததும் இன்டிகேட்டர் மூடி. கண் தெரியாத புருஷனை ஏமாற்றுகிறாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு அம்பையும் உரித்தேன்.

எவ்வளவு நாள்தான் தேய்க்க முடியும்? நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவரே எல்லாவற்றையும் பையில் போட்டுப் பஸ் ஏறிப் பெயின்ட் கடைக்குப் போய்விட்டார். பிரைமர் அடித்து, மினுக்கமே இல்லாத கறுப்பு அடித்து வாங்கி வந்தார். அடுத்த ஞாயிறு காலை தடவித் தடவி அவரே மாட்டினார்.

வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்கே பார்த்து நிறுத்தி ஏறி உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். ஸ்டார்ட் செய்தார். ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை முறுக்கினார். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, இன்னும் கூசுதே."

கிட்டே போய்ப் பார்த்தேன். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது வண்டி. கண்ணாடிகளைக்கூட அவர் திருப்பி வைத்திருந்தார். எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். "ஏனுங்க, வண்டில மின்னறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, விரலால் துழாவி வளையத்தைக் கழற்றினார். அதை என் பக்கம் நீட்டினார். நான் நின்றிருந்தது கொஞ்சம் தள்ளி. கை வேறு பக்கம் நீண்டிருந்தது.

"அம்பு வெச்சிருக்கியா?"

"எங்கீங்க ஒட்டறது? எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"முன்னயுந்தான் நல்லா இருந்துச்சு. நீ ஒட்டுன எடமெல்லாம் தொட்டுப் பாத்தா ஏற்கெனவே தேஞ்சு சொரசொரன்னுதான் இருந்துச்சு. தேச்சனல்ல?" என்றார். "ஒட்டு அம்மிணி. எங்கியோ ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ஒட்டு."

தெருவில் நின்றபடியே அழுதுவிட்டேன். அவருக்குத் தெரியட்டும் என்று சத்தமாகவே அழுதேன். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, புதுப் பெயின்ட்டின் மேல் ஒரு அம்பை ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் விரல் அதைத் தேடிக் கண்டுபிடித்தது. வாசற்படியில் உட்கார்ந்து உப்புத்தாளை நனைத்தார்.

அந்த வளையம் இப்போது மூன்றாவது தடவையாகப் பெயின்ட் கடைக்குப் போயிருக்கிறது. கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. புதன்கிழமை திரும்பி வந்துவிடும். என் தாளில் இன்னும் பதினோரு அம்புகள் இருக்கின்றன.