வைப்பருக்குக் கீழே ஒரு பூக்கடை

எங்கள் காருக்கு வெள்ளிதோறும் சாமந்திச் சரம் வாங்கி, வைப்பரில் சொருகுவது என் கணவரின் வழக்கம். பழைய பூவை மட்டும் எடுக்க மாட்டார். "சாமிக்கு வெச்சது, அதுவா உதிரட்டும்" என்பார்.

மழை ஆரம்பித்ததும் காருக்குள் ஒரே நாற்றம். முன்சீட்டுக்குக் கீழே மேட் சொதசொதவென்று ஈரம். "நீதான் தண்ணி பாட்டில சரியா மூடியிருக்க மாட்ட" என்று பழி என் மேல்தான் விழுந்தது. மேட்டைக் காயவைத்துக் காயவைத்து எனக்கு அலுத்துப்போனது.

பௌர்ணமியன்று தூறலில் வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்குக் காரை ஓட்டித் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஈரத்தில் முன்கண்ணாடியை உள்பக்கமாக ஆவி மூடிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மறைத்தது. கிரிவலம் வந்த ஓர் அம்மா போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தேன். "கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார். சத்தியமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முன்கண்ணாடி மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. எல்லாம் உள்ளே, கால் வைக்கும் இடத்தில் வழிந்தது. வைப்பருக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அழுகிய சாமந்தி, சரம் கட்டிய நாரோடு சேர்ந்து அடைத்திருந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் கணவர் முன்னால் போட்டேன்.

"இவ்ளோ பூவா!" என்றார், யாரோ வைத்தது மாதிரி.

ஈர்க்குச்சியால் குத்திவிட்டதும் தண்ணீர் தரையில் கொட்டியது. இப்போது மாதம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றி, கீழே வழிகிறதா என்று பார்த்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைச் சாமந்தியும் நிற்கவில்லை. அது அவருடைய பைக்குக்குப் போகிறது.

– ஒரு வாசகி, திருவண்ணாமலை