அமத்தின சுண்டு

டிசம்பரில வாற நத்தாருக்கு ஒரு மாசம் இருக்கேக்க கனடாவில இருந்து மருமகன் போன் எடுத்தவர். எங்களுக்குச் சொல்லாமல் முடிச்ச கலியாணம். இரண்டு வருசமா மகளும் நானும் கதைக்கிறதில்ல. மருமகன் சென்னைப் பிள்ளை.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?"

அத்தை எண்டா எனக்கு அப்பான்ர தங்கச்சி. மாமி எண்டு கூப்பிடச் சொன்னனான். "சரிங்க அத்தை" எண்டார்.

விசயம் இதுதான். மகள் பிள்ளைத்தாய்ச்சி. ஒண்டும் வயித்தில தங்கேல்ல, ஒரே சத்தி. அம்மான்ர நத்தார் கேக் மட்டும் வேணும் எண்டு அழுகிறாவாம். அம்மாவோட கதைக்க மட்டும் மாட்டாவாம். என்ர பிள்ளைதான், சந்தேகமே இல்ல. அவவுக்குத் தெரியாமல் இவர் செய்யப் போறாராம்.

"பிளம்ஸ் மூண்டு சுண்டு" எண்டன்.

"சுண்டுன்னா?"

"ரின்பால் வாற தகரப் பேணி. அரிசி அளக்கிறது."

"கிராம்ல சொல்லுங்க அத்தை."

என்னட்டத் தராசு இல்ல. திருகோணமலை வெயிலுக்க சுண்டையும் தூக்கிக்கொண்டு துறைமுகத்தடி நானாவின்ர கடைக்குப் போனன். நானா சுண்டுக்குள்ள பிளம்ஸைச் சும்மா அள்ளிப் போட்டு நிறுத்தார். நூற்றி எண்பது கிராம். "இதென்ன அளவு?" எண்டு நான் பெருவிரலால அமத்தி, இன்னும் போட்டு, இன்னும் அமத்தினன். இருநூற்றிப் பத்து. கை பட்ட பிளம்ஸை நானா திருப்பி எடுக்கேல்ல, நான்தான் வாங்கவேண்டி வந்தது.

"பிளம்ஸ், அறுநூற்றி முப்பது கிராம்" எண்டு அனுப்பினன். இதைவிடத் திறமா ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.

அடுத்த ஞாயிறு சேர்ச்சில பூசை முடிஞ்சு வந்து செருப்புக் கழட்ட முந்தி போன் அடிச்சது. மகள்!

"அம்மா, பிளம்ஸ் எண்டா என்ன எண்டு இவருக்குச் சொன்னனீங்களா?"

"பிளம்ஸ் எண்டா பிளம்ஸ்தானே. பாயாசத்துக்குக் கஜுவோட போடுறது."

"அது காய்ஞ்ச திராட்சை, அம்மா! இவர் கடையில பிளம்ஸ் எண்டு கேட்டு, பெருவிரல் அளவில கறுத்த பழம் வாங்கி, கொட்டையோட போட்டிருக்கிறார். சரியா அறுநூற்றி முப்பது கிராம். எனக்குப் பல்லுப் போகப் பாத்தது."

"எங்க ஊர்ல அது கிஸ்மிஸ், அத்தை" எண்டு பின்னால ஒரு சத்தம்.

இரண்டு வருசத்துக்குப் பிறகு என்ர பிள்ளையின்ர குரல். எனக்குக் கண் முட்டிப் போச்சு. வாயில வந்ததோ, "அமத்தி அளந்தவரோ?" எண்டுதான்.

"ஐயோ அம்மா!"

"சரி, சாப்பிட்டனியா?"

"இரண்டு துண்டு. சத்தி வரேல்ல." பிறகு சொன்னா, "எனக்கு இவரோட ஏலாது. நீங்கள் வந்து அளந்து தாங்கோ."

என்ர மனுசன் விசா அலுவல் விசாரிக்கப் போட்டு வந்தார். அதுக்குள்ள நான் அரிசி வாளிக்குள்ள கிடந்த சுண்டைக் கழுவித் துடைச்சு, சூட்கேசில முதல் சாமானா வைச்சிட்டன். இனிச் சோத்துக்கு அரிசி எதால அளக்கிறது எண்டு கேட்டார்.

"கிராமில அளவுங்கோ" எண்டன்.