தறி ஓடும்போது சொன்னது

எழிலரசி யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டாள். வாயைத்தான் பார்ப்பாள். வேலூர் காலேஜில் சேர்ந்த புதிதில், கூடப் படிக்கிற பெண்கள், "என் பல்லுல இன்னாடி ஒட்டிகினு கீது?" என்று கேட்டார்களாம். பல்லில் ஒன்றும் இல்லை. அவள் பிறந்த வீடு அப்படி.

சேவூரில் எங்கள் தெருவில், அவள் அப்பா ஜெயவேல் வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு. தறி ஓடுகிற இடத்தில் காதை நம்பிப் பிழைக்க முடியாது. சாப்பிடக் கூப்பிடுவதும் வாயசைவுதான், திட்டுவதும் வாயசைவுதான். எழில் பேசப் பழகும் முன்பே வாயசைவைப் பார்க்கப் பழகியவள். எனக்கு எழுத்து தெரியாது, சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். அவள் காலேஜ் பேப்பரில் கடைசியில் நடந்ததை மட்டும் போட்டிருக்கிறார்களாம். நான் முதலில் இருந்துதான் சொல்வேன்.

அவள் படிப்பது பத்திரிகைப் படிப்பு. மக்களிடம் போய்க் கருத்து கேட்டு வா என்று அனுப்புவார்கள். முதல் தடவை ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். செல்போன் இல்லாமல் ஒரு நாள் இருக்க முடியுமா என்பது கேள்வி. சந்தவாசல் பஸ்ஸுக்கு நின்றவர், "எந்த சேனலும்மா?" என்று தலையைச் சீவிக்கொண்டார். "சேனல் இல்லீங்க, காலேஜு" என்றதும் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். இன்னொரு அம்மா, "மத்தவங்க இன்னா சொன்னாங்க? அதையே எனக்கும் எழுதிக்கோ" என்றாளாம். கொய்யாப்பழக்காரர், "ரெண்டு கிலோ வாங்கு, ரெண்டு கருத்து சொல்றேன்" என்றார். அன்றைக்கு எழில் கருத்தில்லாமல் கொய்யாப்பழத்தோடு வீடு வந்தாள். அவள் வீட்டிலும் என் வீட்டிலும் அதைத்தான் தின்றோம்.

அப்புறம்தான் பெரிய வேலை ஒன்று வந்தது. அவள் வாத்தியார் கீதா மேடம், அவரவர் ஊரில் ஒரு கேள்வியை எடுத்து, பத்துப் பேர் குரலைப் பதிவு செய்து, பேரும் போட்டோவும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலூரில் ஒரு பத்திரிகை ஆபீசில் ஒரு மாதப் பயிற்சி. வகுப்பில் ஒருவருக்குத்தான். பஸ் அந்த ஆபீசைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிற பெண் இவள்.

கேள்விக்கு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தறியை நிறுத்தலாமா என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கோயில் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கப் போவதாக இருந்தார்கள். எழில் அதையே கேட்டாள்.

முதலில் என்னிடம் வந்தாள். "நான் சொல்லமாட்டேன் போ" என்றேன்.

"ஏன் ஆயா?"

"கூட்டத்துல ஓட்டு போடும்போது சொல்லிக்கறேன். உன் போனுக்கெல்லாம் சொல்ல முடியாது."

"பேஜாரு புடிச்ச ஆயா நீ" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தறிக்கொட்டகைக்குள் போனாள்.

அங்கே தனகோடி தறி ஓட்டிக்கொண்டிருந்தான். ஜெயவேலிடம் வேலை செய்கிறவன், கொட்டகைச் சுவரை ஒட்டியே குடியிருக்கிறவன். ஜெயவேல் முதுகு திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சொன்னானாம்: "ராத்திரி நிறுத்தினா நான் மனுசனாட்டம் தூங்குவேன் கண்ணு. என் பொண்டாட்டி ராத்திரில இன்னா பேசறான்னே கல்யாணம் ஆனதுலேர்ந்து தெரியாது." கைத்தறி நெய்கிற எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள், கொட்டகை ஜன்னலோரம் நின்று, பரீட்சைக்குப் படிக்கிற பேரன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படிப்பதைச் சொன்னாள். அடுத்தடுத்த கொட்டகைகளிலும் அப்படியே. பஸ் ஸ்டாண்டில் ஒரு வார்த்தை கிடைக்காத பெண்ணுக்கு, இங்கே மனசில் இருந்ததெல்லாம் கொட்டியது. குதித்துக்கொண்டு காலேஜுக்குப் போனாள்.

கீதா மேடம் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா இது, ரயிலுக்கு அடியில ஒக்காந்து எடுத்தியா?" என்றாராம்.

"நல்லா பேசியிருக்காங்களே மேடம்!"

"நீயே கேளு."

கேட்டாள். கடகடவென்று தறிதான் ஓடியது, மனுசக் குரல் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்துப் பேர் பேச்சையும் அவள் காதால் கேட்கவே இல்லை. வழக்கம்போல வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனுக்குக் கண்ணா இருக்கிறது? வேறு தெருவில் பிறந்த பெண்ணாக இருந்தால் ஆளை வெளியே கூப்பிட்டு வைத்துக் கேட்டிருப்பாள். இவளுக்கு அது சத்தம் என்றே தோன்றவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள திரும்ப எடுத்துகினு வா. குரல் இல்லேன்னா கணக்குல வராது" என்று மேடம் அனுப்பிவிட்டார்.

நல்ல வேளையாக அந்த வாரமே அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடமாட்டார்கள். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, வருகிற காற்றுக்கு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். தெருவே துடைத்துவிட்ட மாதிரி அமைதி. மூன்றாவது வீட்டில் அப்பளம் பொரிவது இங்கே கேட்கும். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று எழில் போனோடு இறங்கினாள். ஜெயவேலும் நாற்காலி போட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

தனகோடியிடம் போனாள். அவன் ஜெயவேலைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "தொழிலுதானே கண்ணு, ஓடட்டும். தறி சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

"மாமா, அன்னிக்கி வேற சொன்னீங்களே!"

"நானா? எப்போ? எங்கே, ரெக்கார்டு போடு பாக்கலாம்!"

தெரு முழுக்கச் சிரித்தது. ஜெயவேலும் சிரித்தார். கிருஷ்ணம்மாள், "எம் பேரன் எந்தச் சத்தத்துலயும் படிப்பான், சமத்து" என்றாள். ஒருத்தர் விடாமல் அப்படித்தான். குரல் எல்லாம் மணி அடித்த மாதிரி சுத்தம். பத்துக் குரல், பத்துப் பேர், பத்துப் போட்டோ. என்னிடம் மறுபடி வந்தாள். நான் மறுபடி சொல்லமாட்டேன் என்றேன். நான் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "இத குடுத்தா எனக்கு சீட்டு கிடைச்சிடும் ஆயா."

"குடு."

"பொய்யி ஆயா. அத்தினியும் பொய்யி."

"அப்ப குடுக்காதே."

"ரெண்டையும் சொல்றியே!" என்று எழுந்து போய்விட்டாள். நான் என்ன செய்வது, அது அவள் சீட்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிருஷ்ணம்மாள் கைத்தறிக்கு நூல் சுற்றிவைத்த தார்க் கூடையோடு கொட்டகை வழியாக நடந்தேன். உள்ளே நாலு தறியும் ஓடுகின்றன. எழில் கையில் போன் இல்லை. அப்பாவுக்கு எதிரே நின்று வாயசைக்கிறாள். எனக்கும் வாயசைவு தெரியும், நின்றுவிட்டேன்.

"நைனா, ஊரெல்லாம் கேட்டேன். உன்ன கேக்கவேயில்ல. நீ இன்னா சொல்ற?"

ஜெயவேல் சுற்றும் முற்றும் பார்த்தார். "ராத்திரி படுத்துகினே தறியத்தான் கேட்டுகினு இருப்பேன். ஒரு இழை அறுந்தாலும் சத்தம் மாறும், எழுந்து ஓடணும். ஒழுங்கா தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமா? நிறுத்தலாம்னு எனக்குந்தான் ஆசை. ஆனா நான் வாயத் தொறந்தா, ஜெயவேலுக்கு நொடிச்சுப் போச்சின்னு பக்கத்து ஷெட்டுக்காரன் பேசுவான்."

"இத பேரு போட்டு சொல்வியா?"

அவர் தறிப் பக்கம் திரும்பினார். அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிந்தார். எச்சில் தொட்டு நிதானமாக முறுக்கினார். அவளும் நகரவில்லை. என் இடுப்பில் கூடை கனத்தது, நானும் நகரவில்லை. கடைசியில் சுவரோரம் போய் சுவிட்சை இறக்கினார். நாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"போன எடு" என்றார். இந்தத் தடவை குரல் கேட்டது.

அமாவாசை அல்லாத நாளில் அந்தக் கொட்டகை அப்படி நின்றதே இல்லை. "கரண்டு போச்சா?" "மோட்டாரு பூடுச்சா?" என்று தெருவே ஓடி வந்தது. வந்தவர்கள் முன்னாலேயே ஜெயவேல், தறி ஓடும்போது சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் போனுக்குச் சொன்னார். பக்கத்து ஷெட்டுக்காரரும் அங்கேதான் நின்றார்.

 தனகோடி தலையைச் சொறிந்தான். "கண்ணு, நான் அன்னிக்கி சொன்னது..."

"எப்போ மாமா சொன்னீங்க? ரெக்கார்டு இல்லியே!"

"அட, இப்போ போடும்மே!"

அவன் சொன்னான். அவன் பெண்டாட்டி தெய்வநாயகி, "நானும் சொல்றேன், இந்தாளு பாதிய முழுங்கிட்டான்" என்று முன்னால் வந்தாள். கிருஷ்ணம்மாள் பேரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள். அதோடு சரி. மற்றவர்கள் வேலை இருக்கிறது என்று கலைந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நாலு குரலைத்தான் கொண்டுபோனாள். "மத்தவங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று மேடம் கேட்டதற்கு, "சொன்னாங்க மேடம். ஆனா அவங்க மனசுல இருக்கறது அது இல்ல" என்றாளாம். பத்து என்றால் பத்துதான் என்று பயிற்சி வேறொரு பையனுக்குப் போய்விட்டது. அன்று வந்து, ரசம் சோறு சாப்பிட்டு, சீக்கிரம் படுத்துவிட்டாள். அடுத்த வருசமும் அந்தப் பயிற்சி உண்டாம். பஸ்ஸில் இன்னும் எட்டித்தான் பார்க்கிறாள்.

நாலு பேர் சொன்னதையும் மேடம் காலேஜ் பேப்பரில் போட்டுவிட்டார். ஜெயவேல் அதைக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். தனகோடி வருகிறவர்களிடமெல்லாம், "மூக்க பெருசா எடுத்துட்டா" என்று காட்டுகிறான். என் போட்டோ அதில் இல்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

கோயில் கூட்டம் இன்னும் நடக்கவில்லை. பக்கத்து ஷெட்டு ராத்திரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அந்தச் சத்தம் எங்கள் பக்கம் மெல்லத்தான் வருகிறது. ஜெயவேல் மட்டும் பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறார். அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வநாயகி தனகோடியைத் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் என் வீடுவரை கேட்கிறது. அவனுக்கும் இப்போது நன்றாகக் கேட்கிறதாம்.