திங்கட்கிழமை வில்வம்

மருமகள் வாங்கிவந்த வில்வப் பொடியைப் பிரித்ததும், செந்துறைப் பக்கம் இருந்த எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மரத்து வாசனை வந்தது. வயிற்றுக்கடுப்புக்கு அதன் பிஞ்சுக் காயைச் சுட்டரைத்து மோரில் கொடுப்பார்கள். அந்தப் புகைவாசனை நாள்முழுக்க உள்ளங்கையில் நிற்கும். தம்பிக்கு ரத்தமாகப் போனது ஒரு திங்கட்கிழமை. அன்று சிவன் மரத்தில் பறிக்கக்கூடாது. உதிர்ந்த பிஞ்சாவது கிடைக்காதா என்று அம்மா சருகைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் பறிச்சுக்கலாம், இன்னிக்கு மரத்துல கைய வெக்காதடி" என்றார் அப்பா. விடியுமுன் தம்பி போய்விட்டான்.

பின்னாளில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக ஊரைக் காலிசெய்து மரத்தைச் சாய்க்க வந்தார்கள்.

"இன்னிக்குத் திங்கக்கெழமைங்க" என்றாள் கிழவியாகியிருந்த அம்மா.

"அதுக்கென்ன ஆயா, லீவா?" என்று மிஷின்காரர் சிரித்தார்.

மரம் விழுந்து காலடியெல்லாம் பிஞ்சுகள் உருண்டன. அம்மா ஒன்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.