கோவாவில் கொழுந்தெடுத்தவன்

கத்தரி இலையில் ஓர் ஓட்டை விழுந்தால், அதைப் பார்த்துவிட்டு அமைதியாகத் தேநீர் குடிக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். நான் அந்த ரகம் இல்லை. ஹட்டனில் என் வீட்டுக்குப் பின்னால் நாலு பக்கமும் பலகை அடித்து மண் நிரப்பிய மேட்டுப்பாத்தி ஒன்று இருக்கிறது. அதில் ஓர் இலை மஞ்சளானால் போதும். முன்னும் பின்னும் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கைபேசியில் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை சாப்பிடாமல் திரிவேன். போன வாரம் என் மகள் வந்து பார்த்தாள். "அப்பா, அது வயசான இலைப்பா. மனுசனுக்கு நரைக்கிற மாதிரி" என்றாள். சொல்லிவிட்டு என் தலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனாள்.

இந்தப் பதற்றம் எனக்கு ஏழெட்டு வயதிலேயே பிடித்தது. பிடிக்கவைத்தவர் மாமா.

அப்போது நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். லயத்துக்குப் பின்னால் ஒரே சரிவு. மழை பெய்தால் போட்ட விதையெல்லாம் கீழ் லயத்துக்காரர்களுக்குச் சொந்தமாகிவிடும். அதனால் அப்பா பழைய கூரைத் தகரங்களைச் சுற்றிலும் நிறுத்தி, தேயிலைக் கட்டைகளால் முட்டுக்கொடுத்து, முழங்கால் உயரத்துக்கு மண்ணும் மாட்டெருவும் கொட்டி ஒரு பாத்தி கட்டினார். அதில் கோவா நட்டார். புத்தகத்தில் முட்டைக்கோஸ் என்று இருக்கும். எங்களுக்கு அது கோவாதான். பகலில் பெரியவர்கள் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தியைக் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அம்மாவின் தம்பியும் தங்கையும் எங்களோடுதான் இருந்தார்கள். எனக்குத் தலை சீவிவிடுவது, வாய்பாடு கேட்பது, குளிரில் தன் கம்பளிக்குள் இழுத்துப் படுக்கவைப்பது எல்லாம் சித்திதான். அந்தச் சித்திக்கு ராகலையில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் என்றால் எனக்குப் புதுச் சட்டை, மேளம், வடை. ஆகவே என்னுடைய முழு ஆதரவும் அதற்கு உண்டு.

ஒரு சாயந்தரம் மாமா பாத்திக்கு அருகில் வந்து நின்றார். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"மருமகனே, கோவா ஒழுங்கா உருளணும்டா. ராகலக்காரங்க மரக்கறித் தோட்டம் போடுற ஆளுங்க. பொண்ணு பாக்க வந்தா மொதல்ல வீட்டுக்குப் பின்னாலதான் வருவாங்க. கோவா உருண்டிருந்தா பொண்ணக் கட்டுவாங்க. விரிஞ்சு கெடந்துச்சுன்னா அப்பிடியே பஸ் ஏறிருவாங்க."

நான் சித்தியைப் பார்த்தேன். அவளாவது மறுத்திருக்கலாம். "ஆமாடா, எந் தலையெழுத்தே ஒங் கையிலதான் இருக்கு. காப்பாத்துடா சாமி" என்று கும்பிட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியது என் சேவை. மறுநாள் பார்த்தால் இலைகளில் சல்லடைக் கண் மாதிரி ஓட்டை. திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புழு, சொந்த வீட்டில் இருப்பதுபோல் காலை நீட்டிப் படுத்திருந்தது. பூச்சிக்குச் சாம்பல் தூவவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எவ்வளவு என்று கேள்விப்படவில்லை. அடுப்பில் இருந்த சாம்பல் முழுவதையும் அள்ளிக் கொட்டினேன். பக்கத்து வீட்டு அடுப்பையும் விடவில்லை. புழு போனதோ இல்லையோ, கோவாவெல்லாம் விபூதி பூசிக்கொண்டு பழனிக்குப் புறப்பட்ட கூட்டம் மாதிரி நின்றன.

அடுத்தது இலை மஞ்சளாகிச் சோர்ந்தது. தாகம் என்று முடிவு செய்து தண்ணீர் ஊற்றினேன். இன்னும் சோர்ந்தது. இன்னும் ஊற்றினேன். அடைமழை பெய்த ஒரு நாளில், சித்தியின் கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு, நான் வாளியும் கையுமாகப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டார்.

"நீ கோவா வளக்குறியா, மீன் வளக்குறியா?"

அப்பாவுக்கு அதற்குமேல் பேசும் பழக்கம் இல்லை. அலவாங்குக் கடப்பாரையை எடுத்து வந்து தகரத்தின் அடியில் வரிசையாகத் துளை போட்டார். பாத்தி, அணை உடைந்த மாதிரி தண்ணீரைக் கக்கியது. சில நாட்களில் இலைகள் நிமிர்ந்தன. யானைக்காது போல வளர்ந்தன. ஆனால் உருளவில்லை. மற்ற வீட்டுக் கோவாவெல்லாம் இலையை உள்ளே மடித்துக்கொண்டிருக்க, எங்களுடையது மட்டும் வானத்தைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றது. எனக்கு ராத்திரியில் ராகலை பஸ் ஹோர்ன் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அந்த நிலையில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. அம்மா கொழுந்தெடுக்கிறாள், கிள்ளக் கிள்ளத் தேயிலை தளதளவென்று துளிர்க்கிறது. கிள்ளாமல் விட்டால் மரமாக வளர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியானால் எங்கள் கோவா ஏன் உருளவில்லை? பாவம், அதற்கு இதுவரை யாருமே கொழுந்து எடுக்கவில்லை!

பள்ளிக்கூடப் பையைக் கூடை மாதிரி நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டேன். ஒவ்வொரு கோவாவின் நடுவிலும் விரலை விட்டு, அம்மா செய்வதைப் போலவே, இளங்குருத்தை ஒரு கொழுந்து விடாமல் கிள்ளி எடுத்தேன். அம்மா மலையிலிருந்து வந்ததும் பையைத் திறந்து பெருமையாகக் காட்டினேன்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடப் பாவி! கோவாவோட உசுரையே கிள்ளிட்டியேடா! இனி எங்கிட்டு உருளும்?"

"கொழுந்து எடுத்தாத்தானேம்மா துளிர்க்கும்?"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கங்காணிகிட்டச் சொல்லி ஒனக்கும் பேரு போடச் சொல்றேன்டா. நாளைக்கே காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்துரு!" சித்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். அது தெரியாமல் அவள் தலையில் தட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறாள்.

அதற்குப் பிறகு பாத்தியில் நடந்தது இன்னும் பயங்கரம். கிள்ளிய இடத்தைச் சுற்றி ஒவ்வொரு செடியிலும் நாலைந்து பச்சைக் கட்டிகள் கிளம்பின. கோவாவுக்கு அம்மை போட்டுவிட்டது என்று நினைத்தேன். கட்டிகள் எலுமிச்சம்பழம் அளவானபோது, ராகலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

ஞாயிறு காலை, அம்மா மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் சீட்டை எடுத்துப் பாத்தியை முழுக்க மூடி, மேலே கல் வைத்து, முன்னால் காவல் நின்றேன். உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, வெற்றிலை எச்சிலைத் துப்புவதற்காகப் பின்பக்கம் வந்தார். எனக்கோ மாமா சொன்னது அப்படியே பலித்த மாதிரி இருந்தது.

"என்னா தம்பி மூடி வச்சிருக்க?"

"நாய் குட்டி போட்டிருக்குங்க. கிட்ட வராதீங்க, கடிக்கும்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "கோவா வாசம் அடிக்குற நாயை இன்னைக்குத்தான்டா பாக்குறேன்" என்றபடி கல்லைக் காலால் தள்ளிவிட்டுச் சீட்டைத் தூக்கினார். குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். பிறகு லயமே அதிரக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்கிட்டு வந்து பாருங்களேன்! நாய் குட்டி போடல, கோவாதான் குட்டி போட்டிருக்கு!"

இரண்டு வீட்டு ஆட்களும் பின்பக்கம் திரண்டுவிட்டார்கள். அதோடு என் தைரியம் தீர்ந்தது. அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டேன்.

"பஸ் ஏறிறாதீங்க! சித்திய வேணாம்னு சொல்லிறாதீங்க! கோவா உருளாதது என்னாலதாங்க, சித்தி ஒண்ணுமே செய்யல!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மெதுவாக என்னிடமிருந்து மாமாவின் ராகலைச் சட்டம் வெளியே வந்தது. மாமா அந்த நேரம் பார்த்து விறகு எடுக்கப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணீர் மூக்குத்தி வரைக்கும் ஓடியது. என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஒத்தக் கோவாவுல அஞ்சு கோவா வெளைய வைக்குற வீட்டுப் பொண்ண விட்டுட்டுப் போவோமாடா ராசா? கட்டாயம் கூட்டிக்கிட்டுத்தான் போவோம்."

"சத்தியமா கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

"சத்தியமா."

நான் லயத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னேன்: சித்தியைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள்!

கல்யாணம் கோயிலில் சிறப்பாக நடந்தது. குட்டிக் கோவாக்களை நறுக்காமல் முழுசாகவே குழம்பில் போட்டார்கள். பந்தியில் ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, அது யார் விளைவித்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். என் புதுச் சட்டையெல்லாம் குழம்பு.

வேன் புறப்படும்போது சித்தி என்னை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. இன்னும் கோவாவை நினைத்துப் பயப்படுகிறாள் போலிருக்கிறது. "அழாத சித்தி, அதான் தாலி கட்டிட்டாங்கல்ல" என்று தைரியம் சொன்னேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அம்மாவும் அழுதாள். எப்போதும் ஏதாவது சொல்லுகிற மாமா, வேனின் சக்கரச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்தில் சிரித்த முகத்தோடு நின்றவன் நான் ஒருத்தன்தான். ரோடு வளைகிற முடக்கு வரைக்கும் கைதட்டிக்கொண்டே வேன் பின்னால் ஓடினேன்.

பொழுது சாய்ந்ததும் அம்மா சோறு போட்டாள். தட்டுகளைப் பார்த்துவிட்டு, "சித்திக்கு வைக்கலயா?" என்று கேட்டேன். அம்மா எழுந்து அடுப்பை ஊதப் போனாள். அப்பா மட்டும், "நீ சாப்புடு" என்றார்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், ரோட்டுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தேன். ராகலையிலிருந்து திரும்பி வருகிற வழியில் வேன் எங்கோ சுணங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.